மாஸ்கோவின் சொல்லும் தெலங்கானாவின் வாக்கும்

பேரரசு ஒன்றின் நிழலில் நெடுநாள் வாழ்ந்த மக்கள், அந்நிழல் விலகிய பின்னர்த் தம்மைத் தாமே ஆளக் கற்பது எங்ஙனம்? நம் காலத்துப் பெரு வினாக்களுள் இஃது ஒன்று. 1991 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, அதன் உறுப்புகளாயிருந்த 15 குடியரசுகளும் தனித்தனி நாடுகளாயின. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அவற்றுள் சில மக்களாட்சியில் வேரூன்றி நிற்கின்றன. சில தனியொருவர் ஆட்சியில் தேங்கிக் கிடக்கின்றன. உக்ரைன் நாடோ போர்க்களமாகிக் குருதி சிந்துகின்றது. இவை அனைத்தின்மீதும் ருஷியாவின் நிழல் கூடியும் குறைந்தும் இன்றுவரை படிந்திருக்கின்றது.

நாளிதழில் இச்செய்திகளைப் படிக்குங்கால், ‘எங்கோ பனி பெய்யும் நாட்டில் நிகழும் பூசல், கச்சிபௌலியில் குடியிருக்கும் தமிழர்க்கு இதனால் ஆவதென்ன?’ என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். ஆயின், நாம் குடியேறி வாழும் இந்த மண் அதே வினாவுக்கு ஒருமுறை விடை கண்ட மண்ணாகும். பேரரசின் நிழலையும், தனியொருவர் ஆட்சியையும், துப்பாக்கியையும், மாஸ்கோ நகரின் அறிவுரையையும், இறுதியில் வாக்குச்சீட்டையும் வரிசையாகக் கண்டது தெலங்கானா. அவ்வரலாற்றை அறிந்தவர்க்கு இன்றைய உக்ரைனும் லிதுவேனியாவும் அயல்நாடுகளாகத் தோன்றா. ஆண்டுதோறும் நம் சங்க மலரில் தமிழகத்து வரலாற்றையே பேசும் நாம், இம்முறை நமக்கு இடந்தந்த ஊரின் வரலாற்றையும் சிறிது காண்போமாக.

துணைப்படையும் கடனும்

இன்று வானளாவிய மாளிகைகள் நிறைந்த கச்சிபௌலி, ஐதராபாத் சமஸ்தானத்துச் சிற்றூர்களுள் ஒன்றாக இருந்தது. ‘பௌலி’ என்பது கிணற்றைக் குறிக்கும் சொல். ஊர்ப்பெயரிலேயே நீர் இருக்கின்றது. இவ்வூரையும் இதுபோன்ற பல்லாயிரம் ஊர்களையும் ஆண்டவர் நிஜாம். ஏறத்தாழ 82,000 சதுர மைல் பரப்பும், 1941 ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் கொண்ட பெருநாடு அது.

பெருநாடாயினும் அது தனிநாடு அன்று. 1798 ஆம் ஆண்டில் வெல்லெஸ்லி பிரபு வகுத்த துணைப்படைத் திட்டத்தை ஏற்றுக்கொண்ட முதல் மன்னர் நிஜாமே. ஆங்கிலேயரின் படை அவர் நாட்டில் தங்கும். அதற்குரிய செலவை அவர் கொடுக்க வேண்டும். அயல் அரசுகளோடு ஆங்கிலேயரைக் கேட்டே பேச வேண்டும். இதுவே அவ்வேற்பாடு. அப்படை தங்கிய பாளையமே 1806 ஆம் ஆண்டில் சிக்கந்தர் ஜா என்னும் நிஜாமின் பெயரால் செகந்திராபாத் ஆயிற்று. சென்னைப் படைப்பிரிவுகளோடும் அவற்றைச் சார்ந்த தொழில்களோடும் நம் தமிழ் முன்னோர் பலர் இப்பக்கம் வந்து சேர்ந்தமைக்கும் அப்பாளையமே வழியாயிற்று. எனவே, வல்லரசின் நிழல் என்பது நமக்கு ஏட்டுச் செய்தி அன்று. அந்நிழலின் ஓரமாகவே நம்மவர் இந்நகருள் அடியெடுத்து வைத்தனர்.

படைச் செலவு ஏறிற்று, கடன் பெருகிற்று. 1853 ஆம் ஆண்டில், படைக்குரிய பாக்கிக்காகப் பருத்தி விளையும் பேரார் நாட்டையே நிஜாம் ஆங்கிலேயர் கையில் ஒப்படைக்க நேர்ந்தது. காக்க வந்த படையின் செலவுக்காகக் காக்கப்பட்ட நாட்டின் வளமான பகுதியே கைமாறியது! வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பர் பெரியோர்.

இச்செய்தியை மனத்திற் கொண்டு, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த ஒன்றை நோக்குவோம். உக்ரைன் தனிநாடான பின்னரும் கருங்கடற் கரையிலுள்ள செவஸ்தபோல் துறைமுகத்தில் ருஷியக் கடற்படை தங்கியிருந்தது. 1997 ஆம் ஆண்டின் உடன்படிக்கையில், உக்ரைன் ருஷியாவுக்குத் தரவேண்டியிருந்த கடனில் அத்துறைமுகத்தின் குத்தகைப் பணம் கழித்துக்கொள்ளப்பட்டது. 2010 ஆம் ஆண்டில், எரிவாயுவின் விலையைக் குறைப்பதற்கு ஈடாக அக்குத்தகை 2042 வரை நீட்டப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 2014 மார்ச்சுத் திங்களில், துறைமுகத்தையும் அதனைச் சூழ்ந்த கிரிமியாவையும் ருஷியா தன்னோடு சேர்த்துக்கொண்டது. அன்று படைச் செலவு, இன்று எரிவாயு. பொருள் மாறினும் கணக்கு மாறவில்லை.

வெட்டியும் சங்கமும்

நிஜாம் ஆங்கிலேயர்க்கு அடங்கியிருந்தார். குடிகளோ நிஜாமுக்கும் ஜாகீர்தாரர்க்கும் தேசமுகர்க்கும் அடங்கிக் கிடந்தனர். நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிஜாமின் சொந்த நிலமாகவும் ஜாகீராகவும் இருந்தது. எஞ்சிய ஊர்களிலும் தேசமுகர்களின் கை ஓங்கியிருந்தது. கூலியின்றி வேலை வாங்கும் வழக்கத்திற்கு ‘வெட்டி’ என்று பெயர். வண்ணாரும் குயவரும் சக்கிலியரும் உழவரும் கேட்டபோதெல்லாம் உழைப்பைக் கொடுத்தனர், கேட்டதையெல்லாம் கொடுத்தனர்.

மக்கள் தொகையில் ஏறத்தாழப் பாதியினர் தெலுங்கர், நான்கில் ஒரு பங்கினர் மராத்தியர், கன்னடரும் உண்டு. ஆயினும் அரசு அலுவல்களின் மொழி உருதுவாகவே இருந்தது. தாய்மொழியைப் போற்றும் பொருட்டுத் தோன்றிய ஆந்திர மகாசபை, நாளடைவில் உழவரின் குரலாயிற்று. ஊர்ப்புறத்து மக்கள் அதனை வாய் நிறையச் ‘சங்கம்’ என்றே அழைத்தனர். நம் அவைக்கு நாம் இட்டுக்கொண்டுள்ள பெயரையே அவ்வேழை உழவர் தம் உரிமைக்குப் பெயராக வைத்திருந்தனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கின்றது.

1946 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் நாள், ஜனகாம் வட்டத்துக் கடவெண்டி என்னும் ஊரில், விஸ்னூர் தேசமுகரின் அடியாட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா என்னும் இளைஞர் உயிர் நீத்தார். அன்று மூண்ட தீ மாவட்டம் மாவட்டமாகப் பரவிற்று. 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. நிஜாம் மீர் உஸ்மான் அலிகானோ இணைய மறுத்தார். நவம்பர்த் திங்களில் ஓராண்டுக்கு நிலைநிறுத்த ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. காசிம் ரஜ்வியின் தலைமையில் ரஜாக்கர்கள் ஊர்களைச் சூறையாடினர். இந்தியாவுடன் இணைதலே நன்று என்று தம் ‘இம்ரோஸ்’ இதழில் எழுதிய ஷோயபுல்லா கான், 1948 ஆகஸ்டில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் இசுலாமியர், உருது இதழாசிரியர். உரிமைக்குரல் ஒரு சமயத்தாரின் உடைமையன்று என்பதற்கு அவர் சிந்திய குருதியே சான்று.

1948 செப்டம்பர் 13 ஆம் நாள் இந்தியப் படை உட்புகுந்தது. ஐந்து நாட்களில் நிஜாமின் படை பணிந்தது. ‘போலீஸ் நடவடிக்கை’ என்று அதற்குப் பெயரிட்டனர். அதனைத் தொடர்ந்து சமஸ்தானத்தின் பல பகுதிகளில் இசுலாமியர்க்கு நேர்ந்த கொடுமைகளையும் நாம் மறைத்தல் ஆகாது. அரசு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, மாண்டவர் தொகையைக் குறைந்த அளவில் 27,000 முதல் 40,000 வரை என மதிப்பிட்டது. அவ்வறிக்கை நெடுங்காலம் வெளிவராமலே கிடந்தது. வெற்றியை மட்டும் எழுதிச் செல்லும் வரலாறு பாதி வரலாறே.

மாஸ்கோ சென்ற நால்வர்

நிஜாமின் ஆட்சி வீழ்ந்தது. ஆயுதப் போராட்டமோ ஓயவில்லை. 1948 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்டுக் கட்சியின் மாநாடு, இந்தியா பெற்றது உண்மை விடுதலையன்று என்று முடிவு செய்திருந்தது. நிஜாமை எதிர்த்து எடுத்த துப்பாக்கியை இந்திய அரசை எதிர்த்தும் பிடிப்பதா என்னும் வினா எழுந்தது. பகிர்ந்து கொண்ட நிலத்தைத் தேசமுகர்கள் திரும்பப் பறிப்பர் என்னும் அச்சம் உழவரிடையே இருந்தமையால், பலர் ஆயுதத்தைக் கீழே வைக்க மனமொப்பவில்லை. நிஜாம் வீழ்ந்தபின் போர் தகாது என்று கட்சிக்குள் வாதிட்டோருள் ரவி நாராயண ரெட்டி குறிப்பிடத்தக்கவர். நல்கொண்டா மாவட்டத்து மண்ணில் பிறந்து, அம்மக்களோடு வாழ்ந்து, அவர் நாடி பிடித்தறிந்த தலைவர் அவர். ஆயினும் அவர் சொல் அன்று எடுபடவில்லை.

அக்காலத்துக் கட்சியினரிடையே நிகழ்ந்த வாதத்தை நோக்கின் வியப்பே தோன்றுகின்றது. நகரத் தொழிலாளர் எழுச்சியாகிய ருஷிய வழியா, நாட்டுப்புற உழவர் போராகிய சீன வழியா என்பதே பெருவழக்காயிற்று. நல்கொண்டாவின் வழி எது, வாரங்கல்லின் வழி எது என்று கேட்டவர் சிலரே. இறுதியில், 1951 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அஜய் கோஷ், எஸ். ஏ. டாங்கே, சி. ராஜேஸ்வர ராவ், எம். பசவபுன்னையா ஆகிய நால்வர் மறைவாக மாஸ்கோ சென்றனர். ஸ்டாலினையும் மலெங்கோவ், மாலடோவ், சுஸ்லோவ் முதலியோரையும் கண்டு பேசினர்.

அவ்வுரையாடலின் குறிப்புகள் பின்னாளில் வெளிவந்துள்ளன. சீனப் புரட்சிப் படைக்குப் பின்புறத்தே நட்பு நாடாகிய சோவியத் நிலம் இருந்தது. இந்தியாவில் போராடுவோர்க்கு அத்தகைய பின்துணை இல்லை. ஆகவே சீனத்தில் நடந்ததை இங்கு அப்படியே நடத்த இயலாது என்பது ஸ்டாலின் கூறியதன் சாரம். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளில் நேருவின் அரசைப் பகைத்துக்கொள்ளச் சோவியத் நாடு விரும்பவில்லை என்று கருதும் வரலாற்றாசிரியரும் உளர். நால்வரும் திரும்பினர். கட்சியின் கொள்கை திருத்தி எழுதப்பட்டது. 1951 அக்டோபரில் தெலங்கானா ஆயுதப் போராட்டம் கைவிடப்பட்டது.

அறிவுரை நல்லதே, போர் ஓய்ந்ததும் நல்லதே. ஆயினும் ஒன்றை நாம் கருத வேண்டும். போராட்டத் தலைவருள் ஒருவராகிய புச்சலப்பள்ளி சுந்தரய்யா, ஏறத்தாழ 3,000 ஊர்களில் சங்கத்தின் ஆட்சி நடந்ததென்றும், 4,000 பேர் வரை உயிரிழந்தனர் என்றும் தம் நூலில் எழுதுகின்றார். அவருள் பலர் இந்தியப் படை வந்த பின்னரே மடிந்தவர். நல்லமலைக் காட்டிலும் கோதாவரிக் கரைக் காட்டிலும் ஒளிந்து வாழ்ந்த இளைஞர்க்கு, ‘போதும், வீடு திரும்புங்கள்’ என்று சொல்ல உள்ளூரிலேயே ஆள் இருந்தனர். அச்சொல் பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து வந்தபோதுதான் செவியில் ஏறிற்று. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளின் விலையைச் செலுத்தியவர் மாஸ்கோவினர் அல்லர். தெலங்கானாவின் தாய்மாரே ஆவர். அயலாரின் செல்வாக்கு என்பது தீய அறிவுரையால் மட்டும் கேடு செய்வதன்று. நம்மவர் சொல்லும் நல்லுரையை நாமே மதியாதிருக்கப் பழக்குதலும் அதன் கேடுகளுள் ஒன்றாகும்.

வாக்குப்பெட்டி திறந்தது

துப்பாக்கியைக் கீழே வைத்தவர் எங்கே செல்வது? இங்குதான் தெலங்கானாவின் வரலாறு பிற நாடுகளின் வரலாற்றிலிருந்து வேறுபடுகின்றது. 1949 ஆகஸ்டில் ஜாகீர் முறை ஒழிக்கப்பட்டது. 1950 ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டம் உழுபவர்க்குச் சில பாதுகாப்புகளை அளித்தது. 1951 ஏப்ரல் 18 ஆம் நாள் போச்சம்பள்ளியில் வினோபா பாவே நிலம் கேட்க, வெதிரே ராமசந்திர ரெட்டி 100 ஏக்கர் கொடுத்தார். பூதான இயக்கம் பிறந்தது. இவையெல்லாம் போதிய அளவு நிறைவேறின என்று நாம் கூறவில்லை. ஆயினும் கதவு ஒன்று திறந்தது.

அக்கதவு 1952 ஆம் ஆண்டின் பொதுத் தேர்தல். ஆண் பெண் வேறுபாடின்றி, செல்வர் வறியர் வேறுபாடின்றி, 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்கு. எழுத்தறியாதார் மிகுந்த நாடாதலின், ஒவ்வொரு வேட்பாளர்க்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. ஐதராபாத் மாநிலத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தும், அக்கட்சியினர் மக்கள் ஜனநாயக முன்னணி என்னும் பெயரில் போட்டியிட்டனர். அரசும் அதனைத் தடுக்கவில்லை.

முடிவு நாட்டையே வியப்பில் ஆழ்த்தியது. நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் ரவி நாராயண ரெட்டி மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். தலைமையமைச்சர் நேரு தம் தொகுதியில் பெற்றதைக் காட்டிலும் அது மிகுதி! மாநிலச் சட்டமன்றத்தின் 175 இடங்களில் காங்கிரசு 93 இடங்களையும், முன்னணி 42 இடங்களையும் பெற்றன. போராட்டத்தில் பங்கு கொண்ட ஆருட்ல கமலாதேவி அம்மையார் ஆலேர் தொகுதியிலிருந்து சட்டமன்றம் புகுந்தார். பூர்குல ராமகிருஷ்ண ராவ் முதலமைச்சரானார். நேற்று வரை காட்டில் தேடப்பட்டவர்கள் இன்று மன்றத்தில் எதிர்க்கட்சி இருக்கையில் அமர்ந்து அமைச்சரைக் கேள்வி கேட்டனர்.

தெலங்கானாவைக் காத்தது எது? இந்தியப் படையின் வலிமை என்பார் உளர்; மாஸ்கோவின் அறிவுரை என்பார் உளர். இரண்டும் போரை நிறுத்தின என்று கொள்ளலாம். மக்களாட்சியை நட்டவை அவை அல்ல. தோற்றவனும் நிற்கலாம், நின்றவன் வாக்கு நேர்மையாக எண்ணப்படும், எண்ணியதை வென்றவனும் தோற்றவனும் ஏற்பர் என்னும் உறுதியே அதனை நட்டது. நேற்றைய பகைவன் நாளைய உறுப்பினன் ஆகக்கூடிய வாயில் ஒன்று திறந்திருந்தது. அவ்வாயிலே மக்களாட்சியின் உயிர்நாடி.

பதினைந்து நாடுகள், மூன்று வழிகள்

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு, முன்னாள் சோவியத் குடியரசுகளை நோக்குவோம்.

பால்டிக் கடற்கரையிலுள்ள எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா ஆகிய மூன்றும் முதல் வழியின. 1989 ஆகஸ்டு 23 ஆம் நாள் ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் கைகோத்து நின்று, மூன்று நாடுகளின் தலைநகரங்களையும் 600 கிலோமீட்டருக்கு மேல் ஒரே சங்கிலியாக இணைத்தனர். 1991 ஜனவரியில் லிதுவேனியத் தலைநகரில் சோவியத் படையால் 14 பேர் மாண்டனர். இத்துணைத் துன்பமுற்ற லிதுவேனியாவில், 1992 ஆம் ஆண்டுத் தேர்தலில் நிகழ்ந்ததென்ன? விடுதலை இயக்கத்தார் தோற்றனர். பெயர் மாற்றிக்கொண்ட முன்னாள் கம்யூனிஸ்டுகள் வென்றனர். விடுதலை வீரர்கள் முடிவை ஏற்று விலகினர். 1996 இல் மீண்டும் வாக்கின் வழியே ஆட்சிக்கு வந்தனர். நம் நல்கொண்டாவின் வாயில் அங்கும் திறந்திருந்தது. 2004 இல் மூன்று நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன.

இரண்டாம் வழி பெலாரஸ் நாட்டினது. 1994 இல் தேர்தலில் வென்று வந்த லுகசென்கோ, அதன்பின் அவ்வாயிலைத் தமக்குப் பின்னால் சாத்திக்கொண்டார். 2020 ஆகஸ்டில் இலட்சக்கணக்கானோர் தெருவில் திரண்டும் பயனில்லை. பலர் சிறை புகுந்தனர். எதிர்த்து நின்ற பெண்மணி நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. குடிகளின் ஆதரவை இழந்தவர்க்கு ருஷியாவின் ஆதரவே ஊன்றுகோலாயிற்று. அதன் விலையாக 2022 இல் உக்ரைன்மீது பாயும் ருஷியப் படைக்குப் பெலாரஸ் வழிவிட்டது. அவ்வாண்டு ஜனவரியில் கசக்ஸ்தானிலும் உள்நாட்டுக் கலகம் எழுந்தபோது, அதன் அரசு ருஷியத் தலைமையிலான கூட்டுப் படையை அழைத்தது. குடிகளுக்கு அஞ்சும் அரசு அயலானின் படையைத் தேடும் என்பது அன்றைய நிஜாம்கள் காட்டிய பாடந்தானே!

மூன்றாம் வழி, இடைவழி. உக்ரைன், ஜார்ஜியா, மால்டோவா ஆகியவை முன்னேறியும் பின்னடைந்தும் நடப்பவை. உக்ரைனில் 2004 ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவில் மோசடி கண்டு மக்கள் திரண்டனர். உச்ச நீதிமன்றம் மறுவாக்கெடுப்புக்கு ஆணையிட்டது. அதில் தோற்ற யானுகோவிச் 2010 இல் நேர்மையாக வென்றும் வந்தார். 2014 இல் மக்கள் எழுச்சியின்போது அவர் நாட்டை விட்டோடினார். ஜார்ஜியாவில் 2012 இல் ஆளுங்கட்சி தோல்வியை ஏற்று ஆட்சியை ஒப்படைத்தது. 2024 ஆம் ஆண்டுத் தேர்தலோ பெரும் பூசலுக்கு இடமாயிற்று. மால்டோவாவின் ஒரு பகுதியில் 1992 ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னரும் ருஷிய வீரர் தங்கியுள்ளனர்.

வாக்குப்பெட்டி நேர்மையாக இருப்பின் அயலார் படை வாராது என்று நாம் கூறத் துணியோம். 2019 இல் பதவியிலிருந்த தலைவரைத் தோற்கடித்து அமைதியாகப் புதியவரைத் தேர்ந்த உக்ரைன்மீதுதான் 2022 பிப்ரவரி 24 ஆம் நாள் ருஷியா பெரும்படை கொண்டு பாய்ந்தது. வாக்குச்சீட்டு பீரங்கியைத் தடுக்கும் கேடயம் அன்று. ஆயின் தாம் தேர்ந்த ஆட்சி என்னும் உணர்வே, அந்நாட்டு மக்களைப் பணியாது நிற்கச் செய்தது. தம்முடையதல்லாத ஆட்சிக்காக எவரும் உயிர் கொடார். 1948 இல் நிஜாமின் அரசு ஐந்தே நாட்களில் வீழ்ந்ததற்குப் படைபலக் குறைவு ஒன்று. குடிகள் பெரும்பாலோர் அதனைத் தம்முடையது என எண்ணாமை மற்றொன்று.

குடியேறியவர் நிலை

இனி, நம்மை நேராகத் தொடும் செய்தி ஒன்று உண்டு. ஓர் ஊரில் வெளியிலிருந்து வந்து குடியேறியோர்க்கு அவ்வூரில் என்ன இடம்?

1989 ஆம் ஆண்டுக் கணக்கின்படி லாத்வியாவில் மூவரில் ஒருவர் ருஷியர். எஸ்தோனியாவில் பத்தில் மூவர். சோவியத் காலத்தில் வேலை தேடியும் படையோடும் வந்தவரும் அவர் வழியினரும் அவருள் மிகப் பலர். 1940 க்குப் பின் வந்து குடியேறியோர்க்கு இவ்விரு நாடுகளும் தாமாகக் குடியுரிமை வழங்கவில்லை. மொழித்தேர்வு முதலியவற்றில் தேறிப் பெறுமாறு விதித்தன. லிதுவேனியாவோ அங்கு வாழ்ந்த அனைவர்க்கும் குடியுரிமை பெறும் வாய்ப்பைக் கொடுத்தது. அங்கு ருஷியர் பத்தில் ஒருவருக்கும் குறைவே என்பதும் அதற்கு ஒரு காரணம். தம் மொழி அழியுமோ என்று அஞ்சியவர் அச்சமும் மெய். பிறந்த ஊரிலேயே குடிமகன் அல்லாதவனாகத் திரிந்தவன் துயரமும் மெய். அத்துயரத்தைத் தன் கருவியாக்கிக்கொண்டு, ‘ருஷிய மொழி பேசுவோரைக் காக்கின்றோம்’ என்னும் பெயரால் ருஷியா அண்டை நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிட்டது. கிரிமியாவில் அதுவே சொல்லப்பட்ட காரணம்.

ஐதராபாத்தும் இதனை அறியும். 1952 ஆம் ஆண்டில், உள்ளூர் மக்களாகிய ‘முல்கி’களுக்குரிய அரசு வேலைகளை வெளியூரார் கவர்ந்தனர் என்று மாணவர் கிளர்ந்தெழுந்தனர். செப்டம்பர்த் திங்களில் இந்நகரத் தெருக்களில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. ‘இட்டிலி சாம்பாரே, திரும்பிப் போ’ என்னும் பொருள்பட முழக்கம் எழுந்ததாகவும் கூறுவர். சென்னை மாநிலத்திலிருந்து வந்தவர்மீது, அவர் தெலுங்கராயினும் தமிழராயினும், எழுந்த சினம் அது. இட்டிலியைப் பழிப்பதாக நாம் நகைத்துவிட்டுப் போகலாகாது. நூற்றைம்பது ஆண்டு பேசாதிருந்தவன் முதன்முதலாக வாய் திறந்து, ‘என் வீட்டில் எனக்கு இடமெங்கே?’ என்று கேட்ட குரல் அது.

அக்குரல் மீண்டும் மீண்டும் எழுந்தது. 1956 நவம்பர் முதல் நாள் ஆந்திரப் பிரதேசம் அமைந்தது. தெலங்கானாவுக்கு அளித்த உறுதிமொழிகள் காக்கப்படவில்லை என்று 1969 இல் பெருங் கிளர்ச்சி மூண்டது. 1971 ஆம் ஆண்டுத் தேர்தலில் தெலங்கானா பிரஜா சமிதி, அப்பகுதியின் 14 நாடாளுமன்ற இடங்களில் 10 ஐக் கைப்பற்றியது. 1972 இல் ஆந்திரப் பகுதியிலும் எதிர்க்கிளர்ச்சி எழுந்தது. 1973 இல் வகுக்கப்பட்ட ஆறு அம்சத் திட்டம் இரு சாராரையும் ஒருவாறு அமைதிப்படுத்தியது. அத்திட்டத்தின் ஓர் அம்சம், ஐதராபாத்தில் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவுதல். 1974 ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. சரோஜினி நாயுடுவின் ‘கோல்டன் திரெஷோல்டு’ இல்லத்தில் தொடங்கிய அப்பல்கலைக்கழகம் பின்னர்க் கச்சிபௌலிக்கு வந்தது. நம் காலனியின் அருகே பாறைகளும் மரங்களும் சூழ நிற்கும் அக்கல்விக்கூடம், துப்பாக்கிக்கும் கல்லெறிக்கும் மாற்றாகப் பேச்சுவார்த்தையில் விளைந்த கனியாகும். நம் பிள்ளைகள் சிலர் அங்குப் பயில்கின்றனர். அதன் பிறப்பை அவர்க்கு நாம் சொல்லியுள்ளோமா?

இறுதியில் 2014 ஜூன் 2 ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலமாயிற்று. அறுபது ஆண்டுப் பூசல்! இடையில் இழந்த இளம் உயிர்கள் பல. எனினும் எல்லையில் அயற்படை எதுவும் நிற்கவில்லை. அயலரசு எதுவும் ஒரு சாராரைக் காப்பதாகச் சொல்லி உள்ளே வரவில்லை. பூசலிட்ட இரு சாராரும் ஒரே அரசியல் சட்டத்தின் கீழ்க் குடிமக்களாய் இருந்தமையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இருவர் வாக்கும் எண்ணப்பட்டமையுமே அதற்குக் காரணம்.

நமது கடமை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மக்களாட்சி என்பது மேலிருந்து பெய்யும் மழையன்று; ஊர்கூடி வெட்டும் கிணறு. தூர் வாராவிடின் அது தூர்ந்துபோகும். அயலானின் தூது, அயலானின் எரிவாயு, அயலானின் படை ஆகிய எதுவும் அக்கிணற்றை நமக்காக வெட்டித் தாரா.

தமிழராகிய நாம் இங்குப் பிழைக்க வந்தோம், வாழ்ந்தோம், நம் மக்கள் இங்கே பிறந்து வளர்கின்றனர். பால்டிக் நாட்டு ருஷியர்க்கு அரிதாயிருந்த குடியுரிமை, நமக்கு இம்மண்ணில் கால்வைத்த அன்றே கிடைத்தது. பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் மாநிலம் மாறினோம், குடியுரிமை மாறவில்லை. கேளாமற் கிடைத்த பொருளின் அருமை தெரிவதில்லை. நம்மில் எத்தனை பேர் வாக்காளர் பட்டியலில் இன்னும் சொந்த ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டு, அங்கும் போகாமல் இங்கும் போடாமல் இருக்கின்றோம்? 1952 இல் கைநாட்டு மட்டுமே அறிந்த நல்கொண்டா உழவன் வரிசையில் நின்று இட்ட வாக்கு, மாளிகையில் வாழும் நமக்குப் பெரும் சுமையாகிவிட்டதா?

தமிழைப் போற்றுவோம், அதற்காகவே இச்சங்கம். தெலுங்கையும் கற்போம், பேசுவதோடு நில்லாமல் எழுதவும் படிக்கவும் நம் சிறுவரைப் பழக்குவோம். அண்டை வீட்டாரின் குறை எது, இவ்வூர் ஏரிகளுக்கு நேர்ந்தது என்ன, இவ்வூர்த் தேர்தலில் நிற்பவர் யார் என்பவற்றை நம் குறையாகவும் நம் செய்தியாகவும் கொள்வோம். வந்தவர் என்னும் நிலை ஒரு தலைமுறையோடு முடிதல் வேண்டும். அதன்பின் நாம் ஊரார். ‘சங்கம்’ என்னும் சொல்லைத் தெலங்கானாவின் உழவர் தம் உரிமைக்குப் பெயராக்கினர். அதே சொல்லைத் தாங்கி நிற்கும் நாம், அவர் பெற்ற வாக்குரிமையை அவர் மண்ணில் நின்று, அவர் மக்களோடு சேர்ந்து பேணுதலே அவர்க்குச் செய்யும் நன்றிக்கடனாகும்.